பிராக் நகரில் நான்கு இரவு: எது காசுக்குத் தகும், எது தகாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிராக் போகலாம், கட்டாயம் போகலாம். ஆனால் எல்லாரும் போகிற மாதிரி போனால் ஊரைப் பார்க்காமலேயே திரும்பி வருவீர்கள், அங்கே குடியிருக்கிறவர்களுக்கும் கொஞ்சம் தொந்தரவு கொடுத்துவிட்டு வருவீர்கள். நாங்கள் முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தோம். அடுத்த இரண்டு நாள் வேறு மாதிரி. அதே ஊர், ஏறக்குறைய அதே செலவு, அனுபவம் மட்டும் அடியோடு மாறிப்போனது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். அப்பா கும்பகோணம் பக்கத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 68, இரண்டு முழங்காலிலும் வலி. செப்டம்பரில் என்னோடு இருக்க வந்திருந்தார். பாரிஸ் போகலாமா, ரோம் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, "பிராக் இங்கேருந்து பக்கமாம்மா?" என்றார். எனக்கு ஆச்சரியம். "கமில் சுவலபில் பிறந்த ஊர் அது. பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றார். பிராக்கில் 1927இல் பிறந்து, தமிழைப் படித்து, சங்க இலக்கியம் முதல் சித்தர் பாடல் வரை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன செக் அறிஞர். அப்பாவுக்கு அவர் எழுத்தின் மேல் அப்படியொரு பிடிப்பு. மியூனிக்கிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஒரு புதன்கிழமை கிளம்பிவிட்டோம்.

இறங்கியதும் முதல் அடி. செக் நாட்டில் யூரோ செல்லாது, கொருனாதான். அது தெரிந்துதான் போனேன், ஆனாலும் அப்பா கையில் கொஞ்சம் உள்ளூர்ப் பணம் இருக்கட்டும் என்று நடுவூரில் ஒரு மாற்றுக்கடையில் 100 யூரோ நீட்டினேன். வாசலில் பெரிய எழுத்தில் 'கமிஷன் 0' என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் கைக்கு வந்தது வரவேண்டியதில் முக்கால் பங்குகூட இல்லை. கமிஷன் இல்லைதான், விகிதத்திலேயே வெட்டிவிட்டார்கள். நல்லவேளையாக ஒரு விஷயம் எனக்கு ஞாபகம் வந்தது. 2019 முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது: 1,000 யூரோ வரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய்த் திருப்பிக் கேட்டால் அவர்கள் கொடுத்தே ஆகவேண்டும். உடனே திரும்பிப் போய்க் கேட்டேன். முகத்தைச் சுளித்தார்கள், தெரியாத மாதிரி கொஞ்சம் இழுத்தார்கள், நான் நகரவில்லை. முழு 100 யூரோவும் திரும்பி வந்தது. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், அது ஒன்றுதான் பிடிமானம். உண்மையில் பணமே மாற்ற வேண்டியதில்லை, ட்ராமிலிருந்து காய்கறிக் கடை வரை கார்டு ஓடுகிறது.

அடுத்தது தங்குமிடம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு என்னுடையது. 'எல்லாம் நடக்கிற தூரம்' என்ற ஒரே வரியைப் பார்த்து, பழைய நகரத்துக்குள்ளே நாள் வாடகை அபார்ட்மென்ட் ஒன்றை ஆப்பில் பதிவு செய்திருந்தேன். வாசல் கம்பியில் எண்பூட்டுப் பெட்டிகள் வரிசையாகத் தொங்கின, உள்ளே சாவி. எண்ணினேன், ஆறு பெட்டி. கட்டடத்தில் மொத்தம் எட்டு வீடு. அழைப்புமணிப் பலகையில் இரண்டே இரண்டு இடத்தில்தான் மனிதர்களின் பெயர் இருந்தது, மற்றதெல்லாம் வெறும் எண். வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சுத்தமாக இருந்தது, வெந்நீர் வந்தது, அடுப்பு வேலை செய்தது. ஆனால் இரவு 11 மணிக்கு மேல் தெருவில் ஆரம்பித்த சத்தம் மூன்று மணி வரை ஓயவில்லை. ஒரே மாதிரி பனியன் போட்ட பத்துப் பன்னிரண்டு ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறார்கள், கல்யாணத்துக்கு முந்தைய குடி விருந்துக்கு என்று பறந்து வருகிறவர்கள். ஊர்க்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, பீர் குடித்துக்கொண்டே ஓட்டும் மிதிவண்டிகளை நடுவூரில் தடை செய்தார்கள், 2024இல் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஏற்பாடு செய்த மதுக்கடைச் சுற்றுலாக்களையும் தடை செய்தார்கள். அதற்குப் பிறகும் தானாகச் சேர்ந்து வருகிற கூட்டத்தை யார் தடுப்பது?

காலையில் படி இறங்கும்போது இரண்டாவது மாடிச் சுவரில் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். செக், ஜெர்மன், ஆங்கிலம் மூன்றிலும். ஜெர்மனில் படித்தேன்: 'இங்கே நாங்கள் வசிக்கிறோம். இரவு பத்து மணிக்கு மேல் பயணப் பெட்டியைப் படியில் இழுக்காதீர்கள், தயவுசெய்து தூக்குங்கள். நன்றி.' எழுத்து நடுங்கியிருந்தது, வயதானவர் எழுத்து. அப்பா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். அவர் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "நாம நேத்து ராத்திரி இழுத்துட்டுத்தானே வந்தோம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகுதான் கணக்கை உட்கார்ந்து பார்த்தேன். பிராக்கின் மக்கள்தொகை ஏறக்குறைய 14 லட்சம். விடுதிகளில் தங்க வந்தவர்கள் 2019இல் மட்டும் ஏறக்குறைய 80 லட்சம் பேர், இடையில் கொரோனாவில் சரிந்தது, இப்போது பழையபடி ஏறிவிட்டது. எல்லாரும் வந்து இறங்குவது ஒரே இடத்தில்: பழைய நகரம், பாலம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோட்டை. இவை இருக்கும் பிராக் 1 மாவட்டத்தில் இன்று நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சுமார் 30,000 பேர்தான், முப்பது வருடத்துக்கு முன்னால் இருந்ததைவிட நிறையக் குறைவு. ஒரு வீட்டை மாத வாடகைக்கு விடுவதைவிட நாள் வாடகைக்கு விட்டால் பலமடங்கு கிடைக்கும் என்றால் வீட்டுக்காரர் எதைச் செய்வார் என்று சொல்லத் தேவையில்லை. குடியிருப்பவர்கள் போனால் அவர்களுக்கான கடைகளும் போய்விடுகின்றன. ரொட்டிக் கடை, செருப்புக் கடை, தையல் கடை எல்லாம் போய், காந்த பொம்மைக் கடையும் மசாஜ் கடையும் கஞ்சா படம் போட்ட மிட்டாய்க் கடையும் வருகின்றன. ரஷ்ய மரப்பொம்மைகளை ஜன்னல் நிறைய அடுக்கி வைத்திருக்கிறார்கள். 1968இல் ரஷ்ய டாங்குகள் நுழைந்த ஊரில் அதை நினைவுப் பொருளாக விற்கிறார்கள், வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம் மணிக்கூண்டு பார்க்கப் போனோம். பழைய நகரச் சதுக்கத்தில் 1410இல் வைத்த வானியல் கடிகாரம். காலை 9 மணி முதல் ஒவ்வொரு மணிக்கும் மேலே சின்னக் கதவு திறந்து இயேசுவின் பன்னிரண்டு சீடர்கள் வரிசையாக வந்து போவார்கள், பக்கத்தில் எலும்புக்கூடு மணியடிக்கும். ஒரு நிமிடம்கூட நீடிக்காது. அதற்குப் பத்து நிமிடம் முன்பே சதுக்கம் அடைத்துக்கொள்கிறது. மணி அடித்ததும் எல்லாக் கையும் மேலே, போன் மேலே, அப்பாவுக்கு முன்னால் நின்றவரின் போன் திரையில்தான் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், எல்லாரும் அண்ணாந்து பார்க்கிற அந்த ஒரு நிமிடம்தான் ஜேப்படிக்காரர்களுக்கு வேலை நேரம். நான் சொல்வது, கடிகாரத்தை மணி அடிக்காத நேரத்தில் போய்ப் பாருங்கள். சூரியன் எந்த ராசியில், நிலா எந்த நிலையில் என்று காட்டும் அந்த முகப்பில்தான் அற்புதமே இருக்கிறது, அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. கோபுரத்தின் மேலே போக லிஃப்ட் இருக்கிறது, முழங்கால் வலிக்காரர்களுக்கு வரம். டிக்கெட் காசுக்குத் தகும்.

கடிகாரத்தைத் தாண்டி நகரமன்றக் கட்டடத்தின் கிழக்குச் சுவருக்கு வந்தால் தரையில் கவனியுங்கள். கல் பாவிய தரையில் வெள்ளைக் கற்களால் 27 சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். அன்று இந்த நாட்டை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்ச அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து தோற்ற 27 பேரை 1621 ஜூன் 21 அன்று இதே இடத்தில் கொன்றார்கள், ஆளுக்கு ஒரு சிலுவை. நாங்கள் பார்த்தபோது அதன் மேலே நின்றுதான் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தெரியாமல் நிற்கிறார்கள். கூட்டத்தில் தரையே கண்ணுக்குத் தெரிவதில்லை, அதுதான் காரணம்.

த்ர்தெல்னிக் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆகவேண்டும். உருளையில் மாவைச் சுற்றி நெருப்பில் சுட்டு, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி, நடுவில் ஐஸ்கிரீம் நிரப்பித் தருவார்கள். 'பழைய போகிமியப் பாரம்பரிய இனிப்பு' என்று தெருவுக்கு நாலு பலகை (போகிமியா என்பது செக் நாட்டின் மேற்குப் பகுதி). பாரம்பரியம் என்பது உண்மை இல்லை. இதற்கு நெருங்கிய சொந்தம் ருமேனியாவின் திரான்சில்வேனியாவிலும் ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்சா ஊரிலும் இருக்கிறது, ஸ்கலிட்சாக்காரர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிறார்கள். பிராக்கில் இது சுற்றுலாக்காரர்களோடு சேர்ந்து வந்த பண்டம். வாசனை நன்றாக இருக்கும், சாப்பிட்டால் வெறும் மாவும் சர்க்கரையும்தான், விலையோ ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கிட்டே. இனிப்பு வேண்டுமென்றால் ஏதாவது ஒரு உள்ளூர் இனிப்புக் கடைக்குள் போய் 'வியெத்ர்னிக்' கேளுங்கள். காரமல் பூசிய, உள்ளே கிரீம் வைத்த பெரிய பன் மாதிரி இருக்கும். அப்பா ஒன்று சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கட்டிக்கொள்ளச் சொன்னார்.

இனி நன்றாக இருந்தவை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை நடை வழிகாட்டி ஒருவரைப் பதிவு செய்திருந்தேன். குடை பிடித்து நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் வேண்டாம் என்று தேடித் தேடிப் பிடித்தது. மொத்தம் ஆறு பேர்தான், இரண்டு மணி நேரம், காலை 6:15க்குச் சார்லஸ் பாலத்தின் பழைய நகரக் கோபுரத்தடியில் சந்திப்பு. அறுபதைத் தாண்டிய பெண்மணி, பிறந்ததே ஆற்றுக்கு அந்தக் கரையில், இப்போது வாடகை தாங்காமல் ஊர் எல்லையில் குடியிருக்கிறார். ஒலிபெருக்கி கிடையாது, மெதுவாகப் பேசுவார். அப்பாவின் நடையைப் பார்த்ததும் கேட்காமலேயே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். இந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

பாலத்துக்கு அடிக்கல் நாட்டியது 1357ஆம் வருடம், 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடம் என்று ஒரு கதை உண்டு. வரிசையாக எழுதினால் 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1. ஏறி இறங்கும் ஒற்றைப்படை எண்கள். நான்காம் சார்லஸ் அரசருக்குச் சோதிடத்தில் அவ்வளவு நம்பிக்கை என்று அந்த அம்மா சொன்னபோது, அப்பா உற்சாகமாகிவிட்டார். "நம்ம ஊர் மாதிரி முகூர்த்தம் பார்த்திருக்காங்கம்மா" என்று நடைபாதை ஓரத்தில் நின்று விரலால் காற்றில் எழுதிப் பார்த்தார்.

516 மீட்டர் நீளம். இரண்டு பக்கமும் சேர்த்து 30 சிலைகள், பெரும்பாலானவை நகல்கள், அசல்களை மழையிலிருந்தும் புகையிலிருந்தும் காப்பாற்ற எடுத்து வைத்துவிட்டார்கள். பாலத்தில் முதலில் வைத்தது நெபோமுக் யோவானின் சிலை, 1683இல். அரசியின் பாவமன்னிப்பு ரகசியத்தை அரசனிடம் சொல்ல மறுத்த பாதிரியார் என்று கதை, 1393இல் இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் வீசப்பட்டது நிஜம். சிலையின் பீடத்தில் இரண்டு வெண்கலப் பலகைகள். கை பட்டால் அதிர்ஷ்டம் என்று எல்லாரும் தடவித் தடவி, பலகை முழுக்கக் கறுத்திருக்க, தொட்ட இடம் மட்டும் தங்கம் மாதிரி மின்னுகிறது. ஒரு பலகையில் ஒரு நாய், அதன் உடம்பு மொத்தமும் தேய்ந்து முகம் மழுங்கிப்போயிருக்கிறது. வழிகாட்டி அம்மா அதைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாய்க்கு முகம் இருந்தது" என்றார். நாங்களும் தொடவில்லை.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் வெளிச்சம் வந்தது. வல்தாவா ஆற்றின் மேல் மெல்லிய பனி, கீழே தடுப்பணையில் தண்ணீர் விழும் சத்தம். மதியத்தில் அந்தச் சத்தம் காதில் விழவே விழாது, முந்தின நாள் நாங்கள் அதே பாலத்தில் ஒரு மணி நேரம் நின்றிருந்தோம், அணை இருப்பதே தெரியவில்லை. பாலத்தில் இரண்டு மூன்று போட்டோக்காரர்கள், ஒரு கல்யாண ஜோடி, வேலைக்குப் போகிற ஒரு நர்ஸ், அவ்வளவுதான். எட்டரை மணிக்கு நாங்கள் முடித்துத் திரும்பும்போது முதல் குடை எதிரே வந்துகொண்டிருந்தது.

பசி. வழிகாட்டி அம்மாவே சொன்ன இடம், ஹவெல்ஸ்கா தெருவில் உள்ள ஹவெல்ஸ்கா கொருனா. நாமே தட்டு எடுத்துக்கொண்டு போய் வாங்கிச் சாப்பிடும் உணவகம், சந்தைக்குப் பக்கத்திலேயே. அந்தச் சந்தை 13ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது, இப்போது பெரும்பாலும் காந்த பொம்மைதான். உணவகம் அப்படியில்லை. நுழையும்போது ஒரு சின்னத் தாள் தருவார்கள், நீங்கள் எடுக்கிற ஒவ்வொன்றையும் அதில் குறிப்பார்கள், வெளியே போகும்போது அதைக் காட்டிக் காசு கட்டவேண்டும், தொலைத்தால் அபராதம். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் போனோம். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்களும் பக்கத்து ஆபீஸ் ஆட்களும். அப்பா முட்டை சாப்பிடுவார், கறி சாப்பிட மாட்டார், செக் நாட்டில் அது கொஞ்சம் சிரமம்தான், ஆனால் அங்கே வினிகர் போட்டுப் புளிப்பாகச் சமைத்த பழுப்புப் பயறு இருந்தது, மேலே பொரித்த முட்டையும் பக்கத்தில் ஊறுகாய் வெள்ளரியும். பொரித்த பாலாடைக்கட்டி உண்டு, உருளைக்கிழங்கு சூப் உண்டு. சூப்பில் சில சமயம் இறைச்சித் துண்டு கிடக்கும், கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் அந்தப் பழக் கொழுக்கட்டை. நான் கொழுக்கட்டை என்றுதான் சொல்வேன். முழுப் பிளம்ஸையோ ஸ்ட்ராபெரியையோ மாவுக்குள் வைத்து உருட்டி வேகவைத்து, மேலே துருவிய கெட்டித் தயிர் மாதிரி ஒன்றைத் தூவி, சர்க்கரை போட்டு, உருக்கிய வெண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். ஸ்பூனால் வெட்டினால் உள்ளே இருந்து சிவப்புச் சாறு வெண்ணெயோடு கலந்து ஓடுகிறது. அங்கே இதுவே மதியச் சாப்பாடு. சதுக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் கேட்காமலே மேசையில் வைக்கும் ரொட்டிக் கூடைக்குத் தனிக் காசு, 100 கிராம் விலையைப் பலகையில் போட்டுவிட்டு அரைக் கிலோவை வெட்டி வைக்கிற பன்றித் தொடைக்கறிக் கடை என்று ஆயிரம் தொல்லை. இங்கே தாளில் குறித்தது எதுவோ அதுதான் காசு.

அன்று மதியம்தான் அப்பா வந்த காரியம். சதுக்கத்திலிருந்து ஆற்றுப் பக்கம் பத்து நிமிடம் நடந்தால் யான் பாலாஹ் சதுக்கம். சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புல கட்டடம் அங்கே இருக்கிறது. பல்கலைக்கழகம் தொடங்கியது 1348இல். சுவலபில் தமிழ் கற்பித்த பல்கலைக்கழகம் இது. கட்டடச் சுவரில் ஒரு வெண்கல முகம் பதித்திருக்கிறார்கள், கண் மூடிய இளைஞனின் முகம். இதே புலத்தின் மாணவர் யான் பாலாஹ், 1968 சோவியத் படையெடுப்பை எதிர்த்து 1969 ஜனவரியில் தன்னைத் தானே எரித்துக்கொண்டவர். அதே படையெடுப்புக்குப் பிறகுதான் சுவலபிலும் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அமெரிக்கா, பிறகு நெதர்லாந்து என்று வேறு நாடுகளில்தான் தமிழ்ப் பணியைத் தொடர்ந்தார். அப்பா அந்த முகத்தின் முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தமிழ் படிக்கணும்னு இந்தப் படியிலே எத்தனை பிள்ளைங்க ஏறியிருப்பாங்க" என்றார். அப்புறம் உள்ளே ஓடிக்கொண்டிருந்த மாணவர்கள் யாரையும் தொந்தரவு செய்யாமல் எதிரே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஆறும் கோட்டையும் எதிரே தெரிகிற இடம். சுற்றுலாக் கூட்டம் ஐந்நூறு மீட்டர் தள்ளி ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்தது, இங்கே பெஞ்சுகள் காலியாக இருந்தன.

அன்று மாலையே வீட்டை மாற்றினேன். மீதி இரண்டு இரவுக்குக் கட்டிய காசு போனாலும் போகட்டும் என்று முடிவு. கடைசியில் அந்த வீட்டு ஆள் ஓர் இரவுக்கானதைத் திருப்பித் தந்தார், அது என் எதிர்பார்ப்புக்கு மேல். பெட்டியை இரண்டு மாடியும் தூக்கிக்கொண்டுதான் இறங்கினேன், தெருவிலும் கற்பாதை முடிகிற வரை தூக்கிக்கொண்டுதான் நடந்தேன்.

போனது வ்ர்ஷொவிட்ஸே என்ற பகுதி. ஒரு சின்ன விடுதி, முறையாக நகர வரி கட்டி நடத்துவது, ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 கொருனா தனியாக ரசீதில் இருந்தது. கீழே பள்ளிக்கூடம், எதிரே ரொட்டிக் கடை, தெருமுனையில் நாய்களோடு மனிதர்கள். பத்து நிமிட நடையில் கிரெபோவ்கா பூங்கா, நகரத்துக்குள்ளேயே சரிவில் திராட்சைத் தோட்டம். இரவு பத்து மணிக்கு நிசப்தம். அப்பா அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினார். 'மையத்திலிருந்து தூரமாச்சே' என்று பயப்படாதீர்கள். 22ஆம் எண் ட்ராம் அந்த வழியாக வந்து, தேசிய நாடக அரங்கத்தைத் தாண்டி, ஆற்றைக் கடந்து, நேரே கோட்டை நிறுத்தம் வரை போகிறது. சீட்டு நேரக் கணக்கில், எத்தனை வண்டி மாறினாலும் ஒரே சீட்டு. காகிதச் சீட்டென்றால் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், குத்தாத சீட்டும் இல்லாத சீட்டும் பரிசோதகருக்கு ஒன்றுதான். ட்ராமில் அப்பா ஏறிய ஒவ்வொரு முறையும் யாராவது எழுந்து இடம் கொடுத்தார்கள், ஒரு முறைகூடத் தவறவில்லை.

கோட்டை பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றே ஒன்று, 22இல் மேலே போய் இறங்கி, நடந்து கீழே வாருங்கள், ஏறாதீர்கள். கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் தேவாலயத்தை 1344இல் ஆரம்பித்து 1929இல்தான் முடித்தார்கள், உள்ளே நிறக்கண்ணாடி வழியாக வெயில் தரையில் விழும்போது பார்க்க வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்தத் தரையையும் பார்க்க முடியாது.

ஒரு இடத்தில் மட்டும் எனக்குக் கோபமே வந்தது. யூதர் குடியிருப்பில் பிங்காஸ் தொழுகைக்கூடம். நாஜிகள் கொன்ற, செக் நாட்டின் போகிமிய, மொராவியப் பகுதி யூதர்கள் கிட்டத்தட்ட 78,000 பேரின் பெயர்களை ஊர் வாரியாகச் சுவர் முழுக்கக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர், பிறந்த நாள், கடைசியாகத் தெரிந்த நாள். தூரத்திலிருந்து பார்த்தால் சுவரில் ஏதோ பூவேலை மாதிரி இருக்கும், கிட்டே போனால் ஒவ்வொன்றும் ஒரு ஆள். மேல் மாடியில் தெரெஸீன் முகாமில் குழந்தைகள் வரைந்த படங்கள். அங்கே ஒரு பெண் சுவரில் சாய்ந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. தயவுசெய்து போங்கள், கூட்டம் குறைவாக இருக்கும் காலை நேரத்தில் போங்கள், போனைப் பையில் வையுங்கள்.

ஆற்றில் படகு போகலாமா என்று பலர் கேட்பீர்கள். மையத்தில் பெரிய படகுகள் வரிசையாக நிற்கின்றன, விருந்து, பாட்டு எல்லாம் உண்டு. நாங்கள் ஒன்றில் வியாழக்கிழமை மாலை போனோம், ஒரு மணி நேரம், எட்டு மொழியில் பதிவு செய்த குரல், மேல்தளத்தில் நிற்க இடமில்லை, சுமார்தான். அதே ஆற்றில் நகரப் போக்குவரத்தின் சின்னப் படகுகளும் ஓடுகின்றன, அது யாருக்கும் தெரிவதில்லை. 24 மணி நேர ட்ராம் சீட்டு இருந்தால் அதற்குத் தனிக் காசு இல்லை. வடக்கே பொட்பாபா ட்ராம் நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் அக்கரைக்குப் போகும் ஒரு படகு. நாங்கள் ஏறியபோது மொத்தம் ஒன்பது பேர், இரண்டு மிதிவண்டி, ஒரு நாய், முட்டைக்கோஸ் பையோடு ஒரு பாட்டி. சில நிமிடத்தில் அக்கரை. ஓட்டுநர் அப்பாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, இறங்கும்போதும் பிடித்தார். அப்பா அக்கரையில் இறங்கி அதே படகில் திரும்பி வரலாமா என்று கேட்டார். மூன்று தடவை போய் வந்தோம்.

கணக்காகச் சொன்னால்: விடியற்காலை நடைக்கு 5க்கு 5. ஹவெல்ஸ்கா கொருனாவுக்கு 4, சனி ஞாயிறு மதியத்தில் நெரிசல். வ்ர்ஷொவிட்ஸே விடுதிக்கு 4, லிஃப்ட் இல்லாததால் ஒன்று குறைத்தேன். ட்ராமுக்கு 5. பெரிய படகுக்கு 2. பழைய நகர அபார்ட்மென்டுக்கு வீடாகப் பார்த்தால் 4, ஆனால் நான் இனி ஒருபோதும் அப்படிப் பதிவு செய்யமாட்டேன், உங்களையும் செய்யச் சொல்லமாட்டேன். பணம் மாற்றுக்கடைக்கு ஒன்றும் கிடையாது.

பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். தரை முழுக்கக் கற்பாவு, மழை பெய்தால் வழுக்கும், ரப்பர் அடி போட்ட ஷூ அவசியம். கடைக்குள் நுழையும்போது 'தொப்ரீ தென்' என்று வணக்கம் சொல்லுங்கள், ஆங்கிலத்திலேயே ஆரம்பிக்காதீர்கள். அப்பா ரயிலில் போகும்போதே அதை எழுதி வைத்து மனப்பாடம் செய்துவிட்டார். சனிக்கிழமை காலை நாப்லாவ்கா ஆற்றங்கரையில் உழவர் சந்தை கூடியது. அங்கே ஒரு கிழவரிடம் 'தொப்ரீ தென்' சொல்லி அப்பா ஆப்பிள் கேட்டார். அவர் ஒன்றை எடுத்துக் கத்தியால் கீறி, ருசி பாருங்கள் என்று நீட்டினார், அப்பா தமிழிலேயே "நல்லா இருக்கு, ரெண்டு கிலோ போடுங்க" என்றார், அவர் சரியாக இரண்டு கிலோ நிறுத்தார். பாதியை அன்றே ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து அன்னங்களைப் பார்த்துக்கொண்டே தின்றுவிட்டோம், மீதி மியூனிக் வரை வந்தது.